சிங்க்கில் வந்த சத்தமும் நான் போட்ட சண்டையும்!

சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கும்போது 'கொளக்... கொளக்...' என்று சத்தம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் மேல் வீட்டு அக்காவிடம் சண்டைக்குப் போனேன்! என்னைப் போல் வேறு யாரும் அவசரப்படக் கூடாது என்பதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு குன்னூரில் இருக்கிறது. நாங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கிறோம். மேல் வீட்டில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா தனியாக இருக்கிறார். என் கணவர் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, சின்னவனுக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் அவர்தான். இரண்டு வீட்டு சிங்க் தண்ணீரும் பின்சுவரில் உள்ள ஒரே குழாயில்தான் இறங்குகிறது.

போன ஐப்பசி மழையின்போதுதான் வினை ஆரம்பித்தது. அக்கா வீட்டில் தண்ணீர் இறங்கினால் எங்கள் சிங்க்கில் 'கொளக் கொளக்' என்று குமிழி வரும். கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம். சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

கடையில் சொன்னார்கள் என்று அடைப்பு நீக்கும் பவுடரை வாங்கிக் கொட்டினேன். பலன் இல்லை. அக்காதான் சோற்றையும் காய்கறித் தோலையும் குழாயில் தள்ளுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மாடி ஏறிப் போய், "எல்லாத்தையும் நீங்க கொட்டுவீங்க, நாங்க கீழே நாத்தத்துல கிடக்கணுமா?" என்று கத்தினேன். "நான் ஒண்ணும் கொட்டலியே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து சத்தம் பாதியாகக் குறைந்தது. "பாத்தீங்களா, கேட்டதும் சரியாயிடுச்சு!" என்று என் கணவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நாலாவது நாள், தூறலில் துணி எடுக்க ஓடியபோது பின்பக்கம் பார்த்தேன். அக்கா தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, வெளிக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஐஸ் மாதிரி தண்ணீரில் விரலெல்லாம் விறைத்துச் சுருங்கிப் போயிருந்தது. "சிங்க்ல ஊத்தினா உனக்குக் கஷ்டம்னியே கண்ணு, அதான்..." என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கே பிளம்பரை வரச் சொன்னேன்.

வந்தவர் சிங்க்குக்கு அடியில் கை வைக்கும் முன், "பவுடர் ஏதாச்சும் போட்டீங்களா அம்மிணி?" என்று கேட்டார். போட்டதைச் சொன்னேன். "நல்ல வேளை சொன்னீங்க. அதுல காஸ்டிக் சோடா இருக்குதுங்க. தெரியாம கழட்டியிருந்தா கை வெந்திருக்கும்" என்று சொல்லி, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டார்.

அடியில் குப்பி போலத் தொங்கும் 'பாட்டில் டிராப்'பைக் கழற்றினார். உள்ளே தேங்காய் எண்ணெயும் டீத்தூளும் சேர்ந்து மெழுகாக உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடுமாம். நம் மலையில் கேட்க வேண்டுமா!

சுத்தம் செய்து மாட்டிவிட்டு, மேல் வீட்டு சிங்க்கில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுபடியும் அதே 'கொளக்'! "காத்துக் குழாய் எங்கீங்க?" என்று கேட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே குழாயின் வாயில் உரச் சாக்கைச் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியது வேறு யாருமல்ல, என் கணவர். கட்டச் சொன்னது நான்! காயப்போட்ட துணியில் நாற்றம் அடிக்கிறது என்று மழைக்கு முன்னால் நான்தான் நச்சரித்தேன்.

பிளம்பர் எளிமையாக விளக்கினார். "எண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டு ஊத்தினா 'கொளக் கொளக்'னு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா சத்தமில்லாம ஊத்தும். அந்த ரெண்டாவது ஓட்டைதாங்க இந்தக் காத்துக் குழாய்." அதை அடைத்துவிட்டால், மேலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கள் சிங்க் வழியாகக் காற்றை இழுக்கிறது. அதோடு டிராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் இழுத்துவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் கதவு. கதவு திறந்தால் நாற்றம் வராமல் என்ன செய்யும்?

லண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், 1775-லேயே கழிப்பறைக்கு இப்படித் தண்ணீர் தேங்கும் வளைந்த குழாயை அமைத்துக் காப்புரிமை வாங்கினார் என்று என் மகள் படித்துச் சொன்னாள். அதே வித்தைதான் நம் சிங்க்கின் அடியிலும் இருக்கிறது.

சாக்கை அவிழ்த்ததும் சத்தம் நின்றது. காற்றுக் குழாயை ஆள் உயரத்துக்கு மேல் நீட்டி, வலை வைத்த மூடி போட்டுக் கொடுத்தார். இப்போது துணியிலும் நாற்றம் இல்லை.

உங்கள் வீட்டிலும் சத்தம் வந்தால், முதலில் அடியில் வாளி வைத்து டிராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். பவுடர் போட்டிருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், பிளம்பரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகும், கரைந்த எண்ணெயும் கீழே போய் மறுபடி உறையும். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுவதே நல்லது. டிராப் சுத்தமாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையா? மாடியில் காற்றுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குருவி கூடு கட்டினாலும் அடைத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போய், "தப்பு என் மேலதான்க்கா" என்று அழுதேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பையன் ஸ்கூல் விட்டு வந்துட்டானா? பால் காய்ச்சி வெச்சிருக்கேன், வரச் சொல்லு" என்றார்.

குழாயில் இருந்த அடைப்பைப் பிளம்பர் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார். என் மனசில் இருந்ததை எடுத்தது அக்காவின் அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வீட்டை நோக்கி விரலை நீட்டும் முன், நம் வீட்டு மாடியை ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுவோம் சகோதரிகளே!

- ஒரு வாசகி, குன்னூர்.