சேன் நதிக்கரையில் ஓர் எல்லைக் கோட்டை

நொச்சித்திணையை மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளாயின. பகைவர் மதிலை வளைத்துக் கொள்ளுதல் உழிஞை. தம் மதிலைக் காத்து நிற்றல் நொச்சி. தொல்காப்பியர் இரண்டினையும் உழிஞையுள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை வேறாக்கிற்று என்பதுவரை சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிடுவேன். முற்றுகைக் காலத்தில் ஊர்மக்கள் எங்கே நின்றனர் என்று மாணவரும் கேட்டதில்லை, யானும் எண்ணியதில்லை.

பாரிஸ் நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதமே அவ்வினாவை என்னுள் எழுப்பிற்று. நோர்மண்டியிலே, அந்தெலி என்னும் ஊரருகே, சேன் நதியின் வளைவொன்றில் வெண்பாறைக் குன்றின்மீது இடிந்து கிடக்கும் ‘சத்தோ காயார்’ என்ற கோட்டையை அவர் பார்த்துவந்தார். மதிலெல்லாம் சுற்றியவர், அதன் பள்ளத்தில் மட்டும் இறங்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். ஏன் என்பதற்கு அக்கோட்டையின் வரலாறே விடை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் நோர்மண்டி ஆங்கில மன்னர்க்கு உரியது. சிலுவைப் போரினின்று மீண்ட றிச்சாட் மன்னன் வழியிற் சிறைப்பட்டிருந்த காலம் பார்த்து, பிரான்சின் பிலிப் மன்னன் எல்லைக் கோட்டைகள் சிலவற்றைக் கவர்ந்துகொண்டான். நோர்மண்டியின் தலைநகராகிய றூவானுக்கு ஆற்றுவழி திறந்துபோயிற்று. அவ்வழியை அடைக்கவே 1196இல் றிச்சாட் இக்கோட்டையைத் தொடங்கினான். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இருவரும் செய்த உடன்படிக்கையின்படி அந்தெலியில் அரண் எடுத்தலாகாது. நிலமோ றூவான் பேராயருக்குரியது. அவர் சினந்து நோர்மண்டி முழுவதும் வழிபாட்டை நிறுத்திவைத்தார். ஈற்றில் றிச்சாட் வேறு நிலங்களைக் கொடுத்து அவரை இணங்கச் செய்தான்.

இரண்டே ஆண்டுகளில் வேலை முடிந்தது. செலவு ஏறக்குறைய 12,000 பவுண். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தின் கோட்டைகளுக்கெல்லாம் அவன் செலவிட்டது இதனினும் குறைவு. ஆற்றிடைத் தீவில் ஒரு காவலரண்; ஆற்றின் குறுக்கே மரவேலி; குன்றின் அடியில் மதில் சூழ்ந்த புதிய ஊர்; உச்சியிலே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அரண்கள். உள்மதில் நேராக ஓடாமல் அரைவட்டப் புடைப்புகளாக வளைந்து செல்லும். எறியும் கல் தட்டையான முகத்தில் தாக்காது வழுக்கிப் போகுமாறு அமைத்த சூழ்ச்சி அது. மதில் இரும்பாயினும் கைப்பற்றுவேன் என்று பிலிப்பும், வெண்ணெயாயினும் காப்பேன் என்று றிச்சாட்டும் சூளுரைத்தனர் என ஒரு கதையுண்டு. வீரர் பேச்சு எந்நாட்டிலும் ஒன்றே.

றிச்சாட் 1199இல் அம்புபட்டு மாண்டான். தம்பி ஜோன் அரசனானான். 1203 ஆகத்து மாதத்திற் பிலிப் வந்து தீவரணையும் கீழூரையும் பற்றினான். ஊர்மக்கள் மேலே ஓடிக் கோட்டையுட் புகுந்தனர். அவை வீழுமுன்னரே இரவோடிரவாக நிலவழியும் ஆற்றுவழியும் துணைப்படை அனுப்பியிருந்தான் ஜோன். ஆற்றின் ஓட்டத்தைத் தவறாகக் கணித்தமையால் ஓடங்கள் பிந்தின. முந்திய படையும் பிந்திய படையும் தனித்தனியே முறியடிக்கப்பட்டன.

கோட்டைக் காவலன் றோஜர் டி லேசி. அரணுக்குள் உணவு நிறைந்திருத்தல் வேண்டும் என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். லேசியும் உணவையே எண்ணினான். ஆனால் எண்ணிய விதம் வேறு. போரிடாத வாய்களைக் கணக்கிட்டு, முதலில் ஐந்நூறு பேரையும் மீண்டும் அத்தொகையினரையும் வெளியே அனுப்பினான். பிரெஞ்சுப் படையினர் இரங்கி வழிவிட்டனர். அஃதறிந்த பிலிப், இனி ஒருவரையும் விடலாகாதென்று ஆணையிட்டான். அடுத்து வந்த நூற்றுக்கணக்கானோரை அம்புகள் எதிர்கொண்டன. திரும்பி ஓடினர், கோட்டைக் கதவு அடைத்திருந்தது. இரு படைகளுக்கும் இடையிலுள்ள பள்ளங்களிலும் பாறைச் சரிவுகளிலும் அவர்கள் பனிக்காலத்தைக் கழித்தனர். புல்லைத் தின்றனர், கோட்டையிலிருந்து துரத்திய நாய்களைத் தின்றனர். நெடுநாட் கழித்து அவ்வழி வந்த பிலிப் அவர்களின் ஓலங்கேட்டு, உணவளித்து விடுவிக்கும்படி பணித்தான். அதற்குள் பலர் இறந்தொழிந்தனர். உணவுண்டதும் இறந்தவரும் உளர்.

இவற்றை நாம் அறிவது பிலிப்பின் அவைக்குரு பிரெத்தன் நாட்டு வில்லியம் இலத்தீனிற் பாடிய காவியத்தால். முற்றுகையிட்டவனின் புலவர் அவர், ஆயினும் மறைக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கின்றேன். ஆனால் எனக்குக் கோவூர்கிழார் நினைவுக்கு வருகின்றார். நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியின் முன்னே நின்று, பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும், நீரின்றி மனைகள் வருந்துவதையும் எடுத்துரைத்து, ஒன்றிற் கதவைத் திற, அன்றேற் போர்செய் என்று இடித்துரைத்தவர் அவர். வில்லியம் வென்றபின் பாடினார்; கிழார் கதவு அடைத்திருக்கையிலேயே சொன்னார். புறநானூற்றின் அப்பாட்டைப் பன்முறை கற்பித்திருந்தும், அதிலே அழுத குழந்தைகளை உவமைபோல் எண்ணிக் கடந்துவிட்டேன். பிழை என்னுடையது.

கோட்டை 1204 மார்ச் 6இல் வீழ்ந்தது. புறவரணின் கோபுரத்தை அடியிலே அகழ்ந்து சாய்த்தனர். நடுவரணிலே ஜோன் பின்னர் எழுப்பிய கட்டிடத்தின் சாளரம் ஒன்று காவலின்றிக் கிடந்தது. அதன்வழி சிலர் ஏறிப் புகுந்தனர். இறுதியாக உள்மதிலையும் உடைத்தனர். அவ்வாண்டு யூன் மாதத்தில் றூவானும் பணிந்தது. நோர்மண்டி ஆங்கில மன்னர் கையைவிட்டு நீங்கிற்று.

பின்னும் பலமுறை கைமாறிற்று. 1419இல் ஆங்கிலேயர் சூழ்ந்திருந்தபோது, கிணற்றுக் கயிறுகள் தேய்ந்து அறுந்து நீர் முகக்க வழியின்றியே உள்ளிருந்தோர் பணிந்தனராம். துலாக் கயிற்றோடு வளர்ந்த நமக்கு இது விளங்கும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நான்காம் ஹென்றி அதனை இடிக்கப் பணித்தான். கல்லைத் துறவிகள் தம் மடங்களுக்கு எடுத்துச் சென்றனர். 1862இல் பிரெஞ்சு அரசு அதனைப் பாதுகாக்கப்படும் சின்னமாக்கிற்று.

மாணவர் அனுப்பிய படங்களிலே மதிலுண்டு, ஆறுண்டு, பள்ளம் இல்லை. இவ்வாண்டு நொச்சியைக் கற்பிக்கையில் அவருடைய கடிதத்தையும் வகுப்பில் வாசித்தேன்.