ஐம்பதைத் தாண்டிய பெண்ணின் கல்லீரல்

ஃபேட்டி லிவர், அதாவது கொழுப்புக் கல்லீரல் என்றதும் தொப்பை விழுந்த ஓர் ஆண்தான் நம் நினைவுக்கு வருகிறார். கணக்கும் பாதிவரை அதற்கு ஒத்துப்போகிறது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் அலசலின்படி, பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆண்களைவிட 19 சதவீதம் குறைவு. ஆனால் வந்துவிட்டால் கல்லீரலில் கடுமையான தழும்பு விழும் வாய்ப்பு பெண்களுக்கே 37 சதவீதம் அதிகம். 50 வயதுக்கு மேல் இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகிறது. கொழுப்பு சேர்வதை மட்டும் வைத்து இந்நோயை அளக்கக் கூடாது. கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வரை இழுத்துப்போவது தழும்புதான். ஆகவே இதை ஆண்களின் நோய் என்று ஒதுக்குவது, பெண்களுக்கு ஆபத்து கூடும் வயதில் அவர்களைக் கவனிக்காமல் விடுவதாகும்.

மாதவிடாய் இருக்கும் காலத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்கவைக்கிறது. கல்லீரலுக்குள் புதுக் கொழுப்பு உருவாவதையும் மட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நின்றபின் இந்தப் பிடி தளர்கிறது. கொழுப்பு வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிச் சேர்கிறது. அந்தப் பகுதியின் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது.

வயதானால் எல்லா நோயும் கூடத்தானே செய்யும், இதில் ஹார்மோனை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வயதைக் கொண்டு மட்டும் விளக்க முடியாத சான்றுகள் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதை உட்கொள்ளும் பெண்களில் கணிசமானோருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. அதைவிட வலுவான சாட்சி ஆண்களிடமிருந்தே கிடைக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்னும் நொதி பிறவியிலேயே இல்லாத ஆண்கள் மிகச் சிலர் உண்டு. அவர்களிடம் கொழுப்புக் கல்லீரல் காணப்பட்டிருக்கிறது; ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது நிலைமை சீரானதாகவும் பதிவுகள் உள்ளன. இளம் வயதிலேயே மாதவிடாய் நின்ற பெண்களிடம் தழும்பு கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கர்ப்பப்பையை அகற்றும்போது அவசியமில்லாமல், ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடும் வழக்கத்தை இந்தக் கோணத்திலும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பெண் ஹார்மோன் நல்லது, ஆண் ஹார்மோன் கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களிடம் கொழுப்புக் கல்லீரல் அதிகம். பெண்களிடமோ அது கூடினால்தான் தொல்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும், ஆண் ஹார்மோன் பெரும்பாலும் கூடியிருக்கும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கப் பல ஆண்டுகள் இருக்கும்போதே, இந்நோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தக் கூடுதல் ஆபத்து முழுதாக மறைவதில்லை. ஆண்களைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு: உடல் பருமனே டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்துவிடும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மாதவிடாய் நின்ற எல்லாருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடலாமே என்பது அடுத்து எழும் வாதம். ரத்தக்கட்டு போன்ற அபாயங்கள் அதில் உண்டு. கல்லீரலுக்காக மட்டும் அதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்றும் இல்லை. எடையைக் குறைப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், நடப்பதும்தான் இப்போதும் முதல் சிகிச்சை.

மாற வேண்டியது பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் விதம். பல ஆய்வகங்கள் எஸ்ஜிபிடி என்னும் கல்லீரல் நொதிக்கு இருபாலருக்கும் 40 வரை 'நார்மல்' என்றே அச்சிடுகின்றன. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் ஆண்களுக்கு 29 முதல் 33 வரையும், பெண்களுக்கு 19 முதல் 25 வரையும்தான் மேல்வரம்பு என்றது. 36 என்ற எண் ஒரு பெண்ணின் அறிக்கையில் கருப்பு எழுத்தில் சாதாரணமாகக் கடந்துபோகும். எஸ்ஜிபிடி உண்மையிலேயே இயல்பாக இருந்தும் தழும்பு வளர்வதுண்டு. ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கோ சர்க்கரை நோயும் பெருத்த இடுப்பளவும் சேர்ந்திருந்தால், 'நார்மல்' என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடாமல், தழும்பை அளக்க உதவும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.