எழுதுறதா, ரீல்ஸ் போடுறதா? சுயபதிப்பு எழுத்தாளர்களின் நேரக் கணக்கு

2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழுக்கு வந்த பிறகு, பதிப்பகம் தேடாமலேயே புத்தகம் வெளியிடுவது சுலபமாகிவிட்டது. கூடவே, பதிப்பகம் பார்த்துக்கொண்ட விளம்பர வேலையும் எழுத்தாளர் தலையில் விழுந்தது. ரீல்ஸ், போஸ்டர், கமென்ட்டுக்குப் பதில் என நாள் ஓடிப்போகும். அடுத்த அத்தியாயம் அப்படியே நிற்கும். இதை எப்படிச் சமாளிப்பது?

பணம் எதில் வருகிறது?

லைக்கில் இல்லை. கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்பதை வைத்துத்தான் பணம். ஒரு புத்தகம் பிடித்துப்போனவர் அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைத் தேடுவார். அது இல்லையென்றால், ரீல்ஸ் பார்த்து வந்தவரும் வேறொருவரிடம் போய்விடுவார்.

ஃபாலோயர்கள் யாருக்குச் சொந்தம்?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. அங்கே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போச்சு! அதனால், சமூக வலைதளத்தில் கிடைக்கும் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியை, அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைப்பது நல்லது. செயலி போனாலும் பட்டியல் கையில் இருக்கும்.

எழுத்தே விளம்பரம் ஆகுமா?

ஆகும். ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். வாசகர்கள் கேட்டதால் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு ஏற்றினார். பிறகு பதிப்பகம் வந்தது. 2015-ல் சினிமாவும் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிண்டில் அன்லிமிடெட்டுக்காக 'கேடிபி செலக்ட்'டில் சேர்த்த மின்நூலை, அந்த 90 நாளும் வேறு எங்கும் டிஜிட்டலில் தரக் கூடாது. மாதிரியாக 10% வரை மட்டும் போடலாம்.

அப்போ நேரத்தை எப்படிப் பிரிப்பது?

* தினமும் எழுத்துதான் முதலில். ஒரு மணி நேரம்தான் கிடைக்குமா? பரவாயில்லை, போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

* பதிவுகளுக்கு வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் போதும். மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை இலவசமாகவே ஷெட்யூல் செய்யலாம்.

* உங்கள் வாசகர் அதிகம் இருக்கும் ஒரே தளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

* புத்தகம் வெளியாகும் வாரம், சென்னை புத்தகக் காட்சி நாட்கள் போன்ற சமயங்களில் விளம்பரத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, எழுதிய பக்கங்களை எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் தொடரலாம். குறைந்திருந்தால், முதலில் பதிவுகளைக் குறையுங்கள். எழுதும் நேரத்தில் கை வைக்க வேண்டாம்.