பூப்பறிக்கும் ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ள...

மல்லிகைத் தோட்டத்தில் உரமிடுவது ஒரு வாரம் தள்ளிப்போனால் சமாளித்துக்கொள்ளலாம். களையெடுப்பு சில நாள் பிந்தினாலும் பெரிய மோசமில்லை. பறிப்பு மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. முற்றிய மொட்டை விடியற்காலையிலேயே பறித்தாக வேண்டும். செடியில் விட்டால் அன்று இரவுக்குள் விரிந்துவிடும். மறுநாள் மார்க்கெட்டில் அதைக் கேட்பாரில்லை. ஆகவே நிலக்கோட்டை, சத்தியமங்கலம் போன்ற மல்லிகைப் பகுதிகளில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்குப் பூப்பறிக்கும் பெண்கள் நிலைத்து வருவது செடியைப் போலவே முக்கியம்.

ஆட்கள் ஏன் நிற்பதில்லை? கூலி போதவில்லை என்பது உடனே வரும் பதில். அதுவும் உண்டுதான். ஆனால் கூலியைக் கணக்கிடும் முறையிலேயே கோளாறு அதிகம். பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்றே பேசுகிறோம். பங்குனி, சித்திரையில் மொட்டு நிறைந்திருக்கும். கூடை சீக்கிரம் நிரம்பும். மார்கழி, தையில் பனியில் அதே நேரம் நின்றாலும் கால் பங்கு சேராது. கணக்குக்காக, கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் 5 கிலோ பறித்தவருக்கு 300 ரூபாய். தையில் ஒரு கிலோ பறித்தால் அவருக்கே 60 ரூபாய்தான். பூவின் விலையோ அப்போது ஏறிக்கிடக்கும். இந்த மாதங்களில்தான் ஆட்கள் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள். போனவர்கள் பங்குனியில் திரும்புவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

எனவே பூ குறைந்த மாதங்களில் கிலோக் கணக்கை விட்டு, நேரக் கணக்கில் கூலி பேசலாம். நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்கிறோம். அதை அடுத்து கொத்துவது, தொழு உரம் இடுவது போன்ற வேலைகளை வெளியாட்களிடம் விடாமல், பறிக்கும் பெண்களுக்கே கொடுக்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகை குளிர் மாதங்களிலும் பூக்கக்கூடியது. சில வரிசை நட்டு வைத்தால் அந்த மாதங்களிலும் பறிப்பு வேலை இருக்கும்.

எடையில் ஏற்படும் மனத்தாங்கல் வெளியே தெரிவதில்லை. பனி ஈரத்துக்கென்று குத்துமதிப்பாகக் கழிப்பது எல்லாருக்கும் மனக்கசப்பு. பறித்தவர் முன்னிலையில் நிறுத்து, அவர் நோட்டிலும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் மருந்து. மொட்டுப்புழுவுக்கு மாலையில் மருந்து அடித்துவிட்டு, மறுநாள் விடியலில் அதே செடிக்குள் கையை விட்டுப் பறிக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இது மிகவும் தவறு. டப்பாவில் சிவப்பு அல்லது மஞ்சள் முக்கோணம் இருந்தால் அது கடுமையான விஷம். அடித்தபின் எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்று சீட்டில் கண்டபடி நடக்கவேண்டும். அந்த நாட்களின் பூ வீணாகத்தான் போகும், போகட்டும். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அடித்துச் சில நாள் கழித்து மறுபாதியில் அடித்தால் பறிப்பு முழுவதுமாக நிற்காது. எந்தப் பாதியில் மருந்து பட்டிருக்கிறது என்பதை ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இருட்டில் பாம்பு, தேள் பயம் உண்டு. ஆளுக்கொரு நெற்றி விளக்கு வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல.

முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போகக்கூடாது என்று கட்டிவைப்பதைச் சிலர் நல்ல ஏற்பாடாக நினைக்கிறார்கள். அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தக் கடனும் செல்லாது. அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கலாம், ஆனால் வேலைக்கு வருவதை அதற்கு ஈடாக்கக்கூடாது.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு விவசாயிகளுடன் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம். உங்கள் தோட்டத்துக்கு வருபவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரித்து, இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள்.