உங்களுக்குத் தெரியுமா? நைஜீரியாவில் நச்சுக் கழிவைக் கொட்டினால் ஆயுள் தண்டனை!

நைஜீரியாவில் கொக்கோ என்றொரு சின்ன ஆற்றுத் துறைமுகம். 1988-ல் அங்கே ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சுமார் 8,000 பீப்பாய்கள்! உள்ளே என்ன? இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த நச்சுக் கழிவு! இடத்துக்கு மாத வாடகை? வெறும் 100 டாலர்!

விஷயம் அம்பலமானதும் நைஜீரியா சும்மா இருக்கவில்லை. இத்தாலியிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்தது. கையோடு ஓர் இத்தாலியக் கப்பலையும் பிடித்து வைத்துக்கொண்டது!

கழிவைத் திருப்பி ஏற்றிப்போன 'கரின் பி' கப்பல் பட்ட பாடு தெரியுமா? ஸ்பெயின் உள்ளே விடவில்லை. பிரிட்டன் விடவில்லை. பிரான்ஸும் விடவில்லை! ஊர் ஊராக அலைந்து, கடைசியில் இத்தாலிக்கே போய்ச் சேர்ந்தது!

அதே 1988-ல் வந்தது அதிரடிச் சட்டம். நச்சுக் கழிவைக் கொண்டுவந்தாலோ கொட்டினாலோ ஆயுள் தண்டனை! ஏற்றி வந்த வண்டி, விமானம், கன்டெய்னர் எல்லாம் பறிமுதல். கொட்டிய நிலமும் அரசுக்கே!

'நான் வெளிநாட்டுத் தூதராக்கும்' என்று தப்பிக்கலாமா? நடக்காது! தூதர்களுக்கான சட்ட விலக்கு இந்தக் குற்றத்துக்குச் செல்லாது என்று 9-ஆம் பிரிவில் எழுதியே வைத்துவிட்டார்கள். இப்படியொரு பிரிவை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

சுத்தம் என்று வந்தால் உள்ளூர் மக்களையும் விடவில்லை! நைஜீரியாவின் லாகோஸில் முன்பு மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை 7 மணி முதல் 10 மணி வரை யாரும் தெருவில் நடமாடக் கூடாது என்று விதி இருந்தது. வீட்டையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது! 2015-ல் நீதிமன்றம் 'ஆளை அடைத்து வைப்பது செல்லாது' என்றது. 2016-ல் அந்த வழக்கத்தையே லாகோஸ் கைவிட்டது!

காற்றுக்கும் சட்டம் உண்டு. நைஜீரிய எண்ணெய்க் கிணறுகளில் வெளியாகும் எரிவாயுவை வீணாக எரிக்கக் கூடாது என்று 1979-லேயே சட்டம் வந்தது. கெடு 1984 ஜனவரி 1. அனுமதி வாங்கினால் எரிக்கலாம் என்றொரு சந்தும் விட்டார்கள். அப்புறம் கேட்பானேன்? 40 ஆண்டு தாண்டியும் எரிகிறது!

அப்படி எரிப்பது மனிதனின் உயிர்வாழும் உரிமையையே பறிக்கிறது என்று நைஜீரியாவின் பெனின் சிட்டி நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போது? 2005-லேயே!

2021 பருவநிலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேல். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமா? கார்பன் குறைப்புக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதைக் கவனிக்கத் தனி அதிகாரியும் வேண்டும். ஆக, 50-ஆவது ஆளைச் சேர்க்கும் நைஜீரிய முதலாளி ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்தாக வேண்டும்!