பேனாவுக்குப் பூட்டுப் போட முடியுமா?

மேற்கு ஜெர்மனியைக் கலக்கிய வழக்கு

1962-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி இரவு. மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹாம்பர்க் நகரில், ஒரு வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் திடீர் என்று போலீசார் நுழைந்தார்கள். ஊழியர்களை வெளியேற்றினார்கள். அறைகளைப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

அந்தப் பத்திரிகையின் பெயர் "டெர் ஸ்பீகல்". ஜெர்மன் மொழியில் "கண்ணாடி" என்று பொருள். கண்ணாடி முகத்தில் உள்ளதைத்தானே காட்டும்!

என்ன குற்றம்?

போர் மூண்டால் நாட்டைக் காக்கும் அளவுக்கு ராணுவம் தயாராக இல்லை. போர் ஒத்திகையிலேயே இது தெரிந்துவிட்டது. இப்படி அந்தப் பத்திரிகை எழுதியது. அதுதான் குற்றம்!

"ராணுவ ரகசியம் வெளியாகிவிட்டது; இது தேசத் துரோகம்" என்றது சர்க்கார். ராணுவ மந்திரி ஸ்ட்ராசை அந்தப் பத்திரிகை பல காலமாகக் கண்டித்து வந்தது என்பதும் ஊர் அறிந்த செய்தி.

பத்திரிகை அதிபர் ஆக்ஸ்டைன் மறுநாள் தாமே போலீசில் ஆஜரானார். 103 நாள் சிறையில் இருந்தார். கட்டுரை எழுதிய ஆலர்ஸ், மனைவியுடன் ஸ்பெயின் நாட்டில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். அங்கேயே நள்ளிரவில் கைது செய்யப்பட்டார்.

மக்கள் கொதித்தார்கள்

ஹிட்லர் ஆட்சி ஒழிந்து அப்போது 17 ஆண்டுகளே ஆகியிருந்தன. இரவில் போலீசார் கதவைத் தட்டிய அந்தக் கொடுமையை மக்கள் மறக்கவில்லை. மாணவர்களும் பேராசிரியர்களும் வீதிக்கு வந்தார்கள்.

அதே கட்டிடத்தில் வேறு பத்திரிகைகளும் இருந்தன. தொழிலில் போட்டிதான். ஆனாலும் அவை இடம் கொடுத்தன. டைப்ரைட்டரும் டெலிபோனும் கொடுத்தன. அலுவலகம் ஏறத்தாழ ஒரு மாதம் போலீசார் வசம் இருந்தது. இதழ் மட்டும் வாரம் தவறாமல் வெளிவந்தது!

மந்திரி பதவி போயிற்று

தமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார் ஸ்ட்ராஸ். பார்லிமெண்டில் மூன்று நாள் சரமாரியாகக் கேள்விகள் எழுந்தன. ஸ்பெயினில் இருந்த தம் நாட்டு ராணுவ அதிகாரிக்கு டெலிபோன் செய்தது அவரேதான் என்பது வெளிப்பட்டது. சட்ட மந்திரிக்குக்கூட முன்னதாகச் சொல்லவில்லை! கூட்டணிக் கட்சியின் மந்திரிகள் 5 பேர் ராஜினாமா செய்தார்கள். ஸ்ட்ராசும் பதவி இழந்தார்.

துரோக வழக்கு என்ன ஆயிற்று? போதிய சாட்சியம் இல்லை என்று 1965-ல் கோர்ட்டு அதை விசாரணைக்கே ஏற்கவில்லை.

போலீஸ் சோதனை செல்லாது என்று பத்திரிகை தொடுத்த வழக்கு 1966-ல் முடிந்தது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் பத்திரிகைக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் சுதந்திரமான பத்திரிகை இல்லாமல் ஜனநாயகம் இல்லை என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக எழுதி வைத்தது.

ராணுவத்தில் குறை இருந்தால் யாருக்கு ஆபத்து? மந்திரிக்கு அல்ல, ஊரில் இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும்தான். அதை அவர்களுக்குச் சொல்வது துரோகம் ஆகுமா? முகத்தில் கறை இருந்தால் துடைக்க வேண்டியது முகத்தையே. கண்ணாடியை உடைத்தால் கறை போய்விடாது.