இலக்கு கைவிட்டுப் போனபிறகு மிச்சம் என்ன?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு நண்பன் ஒருவன் போன் பண்ணினான். ஏழு வருஷமாகப் போட்டித் தேர்வுக்குப் படித்தவன். இரண்டு முறை நேர்முகத் தேர்வு வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியவன். இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிந்துவிட்டது. "வேலை ஏதாவது கிடைச்சுடும்டா, அது பிரச்சினை இல்ல. காலைல எதுக்கு எந்திரிக்கணும்னுதான் தெரியல" என்றான்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்ததை இங்கே குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

இலக்கு வேறு, விழுமியம் வேறு

'வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேணும்' என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் நினைப்பது ஓர் இலக்கைத்தான். கலெக்டர் ஆவது, வீடு கட்டுவது, பிள்ளையைப் படிக்க வைப்பது. இலக்குக்கு ஒரு முடிவு உண்டு. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ரெண்டில் எது நடந்தாலும் அடுத்த நாள் காலையில் அது நம் கையில் இருக்காது.

விழுமியம் என்பது நாம் எப்படி நடந்துகொள்ள விரும்புகிறோம் என்பது. நேர்மை, அக்கறை, சுதந்திரம், கற்றுக்கொண்டே இருப்பது இப்படி. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் இதைத் திசையோடு ஒப்பிடுகிறார். தெற்கு நோக்கி நடக்கலாம், ஆனால் 'தெற்கை அடைஞ்சுட்டேன்' என்று யாரும் சொல்ல முடியாது. வழியில் வருகிற ஊர்கள்தான் இலக்குகள். ஒரு ஊருக்குப் போகிற பாலம் இடிந்துவிட்டால் அந்த ஊர் போச்சு. தெற்கு எங்கேயும் போகவில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் இது நடக்குமா?

ஒரு மருத்துவரின் கை

எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் மதுரையில்தான் இருக்கிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்கிற கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்துபோனதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். அதனால் மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அப்போதுதான் முடக்குவாதம் வந்தது. நீண்ட காலம் படுத்த படுக்கை. கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது. சின்ன வயதிலிருந்து வளர்த்த இலக்கு அத்தோடு முடிந்தது.

பிறகு அவர் கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரல்களால் அறுவைக் கருவியைப் பிடிக்கத் தன்னையே பழக்கிக்கொண்டார். மதுரையில் அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை. தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976-இல் 58 வயதில் ஓய்வு. அந்த வருஷமே 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், அந்த வருமானத்தில் முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் கண் லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992-இல் லென்ஸ் தயாரிக்கவும் தொடங்கினார்கள்.

அவருக்கு ஆன்மிக ஈடுபாடு ஆழமாக இருந்தது, மருத்துவமனையின் பெயரே அதைச் சொல்லிவிடும். அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணில் படுவது இது. மகப்பேறு மருத்துவர் என்கிற இலக்கு போன பிறகும், 'தடுக்கக்கூடிய துன்பத்தைக் கிராமத்து ஜனங்கள் விதின்னு அனுபவிக்கக் கூடாது' என்கிற அக்கறை அவரிடம் அப்படியே இருந்திருக்கிறது. பிரசவ அறையில் செய்ய முடியாததை அது கண்புரையில் போய்ச் செய்தது.

எல்லாமே முக்கியம்னா எதுவுமே முக்கியமில்ல

உங்கள் விழுமியங்கள் என்ன என்று கேட்டால் நல்ல வார்த்தைகளாகப் பத்து எழுதிவிடலாம். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்கிற உளவியலாளர் 1992-இல் 20 நாடுகளின் தரவுகளை வைத்து ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். மனிதர்களின் அடிப்படை விழுமியங்களைப் பத்து வகையாகப் பிரித்து வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை முட்டிக்கொள்ளும். பாதுகாப்பை அதிகம் விரும்பினால் சுயமுடிவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாருக்கும் எல்லாமே கொஞ்சம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறுவது வரிசைதான்.

அதனால் 'எது முக்கியம்?' என்பதைவிட 'எதுக்காக எதை விட்டுக்கொடுப்பேன்?' என்பதுதான் சரியான கேள்வி.

பதினைந்து நிமிட எழுத்து

2006-இல் 'சயின்ஸ்' இதழில் ஜெஃப்ரி கோஹென் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம், தங்களுக்கு முக்கியமான ஒரு விழுமியம் ஏன் முக்கியம் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு கால் மணி நேர வேலை. மற்றவர்கள் தங்களுக்கு முக்கியமில்லாத ஒன்றைப் பற்றி எழுதினார்கள். முதல் வகையில் எழுதிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் கூடியது. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது.

இதோடு நிறுத்தினால் மந்திரம் மாதிரி இருக்கும். பின்னாளில் பெரிய அளவில் திரும்பச் செய்துபார்த்தபோது பலன் மிகச் சின்னதாகவோ இல்லாமலோ போனதும் உண்டு. எழுதினாலே வாழ்க்கை மாறிடும்னு நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தோல்வியே 'நான்' ஆகிவிடாமல் தடுக்க, தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்பது உதவலாம்.

நான் என்னையே கேட்டுப் பார்த்த மூன்று கேள்விகள்:

1. எனக்கு நேரடியாக நஷ்டமே இல்லாத எந்த விஷயத்துக்கு எனக்குக் கோபம் வருகிறது?
2. நாலு பேருக்குத் தெரியாது, பாராட்டும் கிடைக்காது என்றாலும் எதைச் செய்வேன்?
3. போன மாதம் என் நேரமும் பணமும் நிஜமாக எங்கே போச்சு?

முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்துகிற இடத்தில்தான் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இதே கேள்விகளை நண்பனிடமும் கேட்டேன். இரண்டாவதுக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை லைப்ரரியில சின்னப் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தருவேன்ல, அது. ஆனா அது டைம்பாஸுடா" என்றான். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அஞ்சு வருஷம்.

ஏழு வருஷம் வீணாகப் போச்சு என்று கணக்குப் போட்டவன் அந்த ஞாயிறுகளைச் சேர்க்கவே இல்லை. அவன் வலி இன்னும் குறையவில்லை, வேலையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். போன ஞாயிறு கூப்பிட்டேன். போனை எடுத்து மெதுவாக, "லைப்ரரில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.